தருவைகுளம் ரோட்டில் மட்டும் கொதித்த கார்

எஞ்சின் சூடாகிறது என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் கேட்பது, எந்த ரோட்டில் சூடாகிறது என்பதுதான். எத்தனை வருசத்து வண்டி, எவ்வளவு ஓடியிருக்கிறது, கடைசியாக யார் கை வைத்தது, இதெல்லாம் பிறகு. படித்த பையன்கள் இந்தக் கேள்விக்குச் சிரிப்பார்கள். என் பட்டறையிலேயே டிப்ளமா முடித்த பையன்கள் வேலை பார்க்கிறார்கள். வண்டியில் வயரைச் சொருகிவிட்டு, கையில் இருக்கிற சிறு பெட்டியைப் பார்த்துத்தான் வாயைத் திறப்பார்கள். பழைய கார் வந்தால் சொருக இடமில்லாமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் மேல் ஹோஸை ஒரு பிடி, கீழ் ஹோஸை ஒரு பிடி பிடித்துப் பார்ப்பேன். மேலே கொதிக்கிறது, கீழே குளிர்கிறது, நடுவில் அடைப்பு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சைக்குப் போகவில்லை. இன்றைக்குத் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகிற லாரிகளில் என் பட்டறைக்குள் ஒரு தடவையாவது வராத லாரி குறைவு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்குப் பெருமையாகப் பட்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

எந்த ரோடு என்கிற அந்தக் கேள்வியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது நானாகவே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த விதம்தான் கொஞ்சம் விசேஷம்.

என் பெரியப்பாவுக்குத் தூத்துக்குடியில் கருவாட்டுக் கடை. சனிக்கிழமை காலையில் வடக்கே தருவைகுளத்துக்குப் போய், கடற்கரையில் ஏலம் விடுகிற கருவாட்டை எடுத்துவருவது வழக்கம். பஸ்ஸின் தலையில் ஏற்றிவந்த மூட்டைகளுக்குக் கண்டக்டர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டை போட ஆரம்பித்ததும், பெரியப்பா ஒரு பழைய கார் வாங்கினார். கறுப்புக் கார், வட்ட முகம், முன்னால் பல் வரிசை மாதிரிக் கம்பி. பின் சீட்டைக் கழற்றி வீட்டு முற்றத்தில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் சாக்கு மூட்டைகளை அடுக்கினார்கள். முற்றத்தில் கிடந்த சீட்டில் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து மீன் கழுவினார்கள். காரில் பாதியைப் பெண்களும் மீதியைக் கருவாடும் அனுபவித்தன என்று சொல்லலாம்.

ஓட்டியது சித்தப்பா. எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் தராசு பிடித்தவர்கள், என் அப்பா உட்பட. தராசைத் தொடமாட்டேன் என்று சொன்ன முதல் ஆள் சித்தப்பாதான். கருவாடு ஏற்றப் போகிற நாளிலும் குளித்து, முகத்துக்குப் பவுடர் பூசி, சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டுதான் ஸ்டியரிங்கில் கை வைப்பார். ஆரன் அடிக்கிற வேலையை எனக்குக் கொடுத்திருந்தார். அதனால் உலகத்திலேயே நல்ல மனுசர் அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அவருக்கு அப்போது கல்யாண வயது. நாசரேத்தில் ஒரு வாத்தியார் வீட்டுப் பெண்ணைப் பெரியப்பா பார்த்து வைத்திருந்தார். டீச்சர் ட்ரெயினிங் முடித்த பெண், எங்கள் சபைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரியப்பா எங்கள் வேதக்கோயில் கமிட்டியில் வேறு இருந்தார். சித்தப்பா மட்டும், முதலில் கார் ஒழுங்காக ஓடட்டும், பிறகு பார்ப்போம் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

கார் ஒழுங்காக ஓடவில்லை என்பது முதலில் உண்மைதான். வாங்கிய புதிதில் மார்க்கெட்டுக்குப் போய் வருவதற்குள் கொதித்தது. கார் பட்டறை மேஸ்திரி ரேடியேட்டரைக் கழற்றி, மேல்தொட்டியின் பற்றவைப்பை உருக்கிப் பிரித்து, ஒல்லியான நீளக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் குத்தினார். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் காரை மாதிரி உதிர்ந்தது. முன்னால் வைத்திருந்தவர் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. எஞ்சினில் ஊற்றினால் வெந்நீர்ப் பானையின் உள்ளே பிடிக்கிற மாதிரி உப்புப் பிடித்துக்கொள்ளும். இது எங்கள் ஊர்க்காரர்கள் தெரிந்தே செய்கிற தப்பு. குடிக்கிற தண்ணீரைத் தூக்கிக் காருக்கு ஊற்ற எங்களுக்குக் கை வராது.

இனி நல்ல தண்ணீரைத் தவிர வேறு ஊற்றினால் என்னிடம் வராதே என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா, குழாயில் வருகிற வல்லநாட்டு ஆற்றுத் தண்ணீரில் ஒரு தகர டப்பாவைக் காருக்கென்று ரொப்பி வைக்க வேண்டியதாயிற்று. நாம் குடிக்கிறதுக்கே கொடம் தூக்கி இடுப்பு ஒடிகிறது, இதில் இவனுக்கு வேறா என்று காரை ஒரு மனுசன் கணக்கில் வைத்துத் திட்டுவாள்.

அடைப்பு எடுத்த பிறகு கார் குதிரை மாதிரி ஓடியது. ஆனால் தருவைகுளம் போகும்போது மட்டும் வழியில் கொதித்து நின்றது. ஒரு வாரம் இல்லை, வாரா வாரம். பெரியப்பாவின் கவலை வேறு. கரையில் ஏலம் காலையிலேயே முடிந்துவிடும். பிந்திப் போகிறவனுக்கு உடைசலும் பொடியும்தான் மிஞ்சும். இரண்டு மாதமாக எங்கள் கடைக்கு வந்தது அதுதான்.

ஒரு நாள் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏலே, இனி சனிக்கிழமை நீயும் கூடப் போ. அவன் எங்கன நிறுத்துதான், எதுக்கு நிறுத்துதான், வண்டிக்கு என்ன செய்யுது, எல்லாம் பாத்து எங்கிட்ட வந்து சொல்லணும்."

வேவு பார்க்க அனுப்புகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. என்னை எஞ்சின் பரிசோதகராக நியமித்துவிட்டார் என்று நினைத்தேன். முன் சீட்டில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். அதைத் தாண்டி வலது பக்கம் கடல் தெரியும், காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கும். தருவைகுளம் எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ரோடு வளைகிற இடத்தில் ஓட்டு வீடு ஒன்று. அதன் வாசலில் சைக்கிள் கடை. அந்த வளைவு வந்ததும் சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். வாசம் வருகிறதா என்று என்னைக் கேட்டார். எனக்குக் கருவாட்டு வாசம்தான் வந்தது. சூடாயிட்டுடே என்று சொல்லி, வண்டியைச் சரியாக அந்தக் கடை வாசலில் நிறுத்தினார். சூட்டைக் காட்டுகிற முள் வாங்கும்போதே செத்துப் போயிருந்தது. அதனால் சித்தப்பாவின் மூக்குதான் முள்.

பானட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டுத் திருகினார். புஸ்ஸென்று ஆவி ஆள் உயரத்துக்கு எழும்பியது. தண்ணீர் கொப்பளித்து ரோட்டில் கொட்டியது. நான் பயந்து பின்னால் போனேன். ஓடி வந்த எந்த எஞ்சினின் மூடியையும் சூட்டோடு திறந்தால் அது அப்படித்தான் துப்பும், நல்ல எஞ்சினானாலும் துப்பும் என்பதை இன்று என் பட்டறையில் கூட்டுகிறவன்கூடச் சொல்வான். அன்று எனக்குத் தெரியாது. கொட்டின தண்ணீருக்குப் பதில் ஊற்ற டப்பாவைத் தேடினால், டப்பா எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. சித்தப்பாவுக்கு மறதி அதிகம் என்று அம்மா குறைப்படுவாள். எனக்குத் தெரிந்து அவர் மறந்தது அந்த டப்பா ஒன்றைத்தான், அதுவும் சனிக்கிழமைகளில் மட்டும்.

அந்த வீட்டிலிருந்து ஓர் அக்கா இடுப்பில் குடத்தோடு வந்தாள். அவளுடைய அப்பா காலையில் கரைக்குப் போய்விட்டால் பஞ்சர் ஒட்டுவதெல்லாம் அவள்தான். தாவணியை இழுத்துச் சொருகியிருந்தாள், விரலில் சொல்யூஷன் பிசின் காய்ந்திருந்தது. கடை வாசலில் டியூபை முக்கிப் பார்க்கிற தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தது. நான் பரிசோதகர் அல்லவா, அதிலிருந்து ஊற்றலாமே என்று சொன்னேன்.

"அது உப்புத் தண்ணிடே. உங்க சித்தப்பா காருக்கு உப்பு ஆகாதாம்லா," என்றாள். பிறகு சித்தப்பாவைப் பார்க்காமல் ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரோடு பூரா வீடு இருக்கு. இதுக்கு மட்டும் எங்க வாசல்லதான் தாகம் எடுக்கும்."

"நல்ல தண்ணி எங்கன கிடைக்கும்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு," என்றார் சித்தப்பா.

"அதுக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் குடத்தைச் சாய்த்தாள். சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் மடித்துக்கொண்டாள். ஊற்றி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. அவ்வளவு மெல்லிசாக யாரும் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. தண்ணீரின் அருமை தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கையில் ஒரு கருப்பட்டித் துண்டு கிடைத்தது. அதைச் சப்பிக்கொண்டு, நான் காரைச் சுற்றிவந்து டயர்களை உதைத்துப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் பெரியப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். வளைவில் சூடாகிறது, ஆவி இவ்வளவு உயரம் வருகிறது, தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடுகிறது. அந்த அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. வண்டிக்கு என்ன செய்கிறது என்றுதான் கேட்டிருந்தார். அவள் எஞ்சினில் ஓர் உறுப்பு இல்லையே.

பெரியப்பா காரை மேஸ்திரியிடம் விட்டார். மேஸ்திரி தெர்மாஸ்டாட்டைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்த்தார், அது ஒழுங்காக வாயைத் திறந்தது. ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், தொய்வில்லை. மூடியின் ரப்பர் புதிது. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கும், ஆனால் கறுப்பாகத்தான் இருந்தது. கடைசியில் பெரியப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஓட்டப்பிடாரம் போய் வந்தார். மறுநாள் கயத்தாறு வரைக்கும் விரட்டிக்கொண்டு போய் வந்தார். கார் ஒரு சொட்டுத் துப்பவில்லை.

நான் பட்டறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அண்ணாச்சி, ஓட்டப்பிடாரத்துக்குச் சூடாகல. கயத்தாத்துக்கும் சூடாகல. தருவைகுளத்துக்கு மட்டும் சூடாகுதுன்னா, இது எஞ்சினுக்கு வந்த சீக்கு இல்ல."

"பிறவு யாருக்கு?"

"அத ஓட்டுதவன்ட்டதான் கேக்கணும்."

சித்தப்பா கியரை மாற்றத் தெரியாமல் ஓட்டுகிறார் என்று பெரியப்பா எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் சாப்பாட்டு நேரமெல்லாம் கியர் மாற்றுவதைப் பற்றித்தான் பேச்சு. பெரியப்பா வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் விசயம் பிடிபட்டிருக்கும். எனக்குப் பிடிபட்டது வேறு. எந்த ரோட்டில் சூடாகிறது என்று பார்க்க வேண்டும், இதுதான் மேஸ்திரியின் பேச்சில் எனக்குக் கிடைத்த சாவி. கயத்தாறு ரோட்டில் இல்லாதது எது, தருவைகுளம் ரோட்டில் இருப்பது எது? கடல். கடல்காற்று வலது பக்கமிருந்து அடிக்கிறது. எஞ்சின் முன்னால் இருந்து இழுக்கிற காற்றை அது பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அதுதான் சூடாகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த மூளை எங்கிருந்து வந்தது என்று நானே பலமுறை ஆச்சரியப்பட்டிருக்கிறேன். கணக்கு தப்புதான், ஆனால் கேள்வி சரி. இன்றும் கடலோரமாக ஓடுகிற லாரிகளின் ரேடியேட்டர் உப்புக் காற்றில் பூத்துப் போய்க் கிடப்பதை வந்து பாருங்கள், என் கணக்கும் பாதி சரி என்று ஒத்துக்கொள்வீர்கள்.

அந்த வாரம் வீட்டில் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். "வார சனிக்கிழமை நானும் வாரேன். வழியில நின்னுச்சுன்னா அத்தோட சரி. கார வித்துருவேன். நீ மறுநாளே தராசுல வந்து உக்காரு. நாசரேத்துக்காரவியளையும் வரச் சொல்லி ஆள் அனுப்பிருதேன்."

கார் போனால் அந்த ரோடு போயிற்று. ரோடு போனால் சித்தப்பாவுக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பவுடர் போடாமல் இரண்டு நாள் நடமாடினார். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. காரை விற்றுவிட்டால் ஆரனும் போய்விடும். நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலையில் சித்தப்பா ரேடியேட்டரைத் தளும்பத் தளும்ப ரொப்பி, பானட்டை மூடிவிட்டுக் குளிக்கப் போனார். நான் பானட்டைத் தூக்கினேன். ஒரு கோணிச் சாக்கை எடுத்து, முன்கம்பிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், கடல் பக்கமாக இறக்கி, கயிற்றுத் துண்டால் கட்டினேன். காற்று இனி எப்படி வரும் பார்ப்போம். யாரிடமும் சொல்லவில்லை. கார் கொதிக்காமல் ஊர் போய்ச் சேர்ந்ததும் எல்லோர் முன்னாலும் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

பெரியப்பா வெள்ளைச் சட்டையில் முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் காலிச் சாக்குகளின் மேல். அம்மா ரொப்பி வைத்த டப்பா வாசலில் நின்றது. அன்று சித்தப்பா அதை உண்மையாகவே மறந்தார்.

உப்பளம் தாண்டியதும் எஞ்சின் டக் டக் என்று தட்ட ஆரம்பித்தது. சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். எனக்கே அன்று சூட்டு வாசம் வந்தது, பெயிண்ட் கருகுகிற மாதிரி. இத்தனை வாரம் சூடாயிட்டு என்று சொன்ன வாய்க்கு, நிசமாகச் சூடாகும்போது சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

வளைவு வந்தது. அந்த அக்கா வாசலில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். சித்தப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. ரோட்டை நேராகப் பார்த்துக்கொண்டு, அவளுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத மாதிரி தாண்டினார். நான் பின் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தேன். நடு ரோட்டில் விட்டுப் போன பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

"சித்தப்பா, அக்கா நிக்காவ," என்றேன்.

எந்த அக்கா என்று பெரியப்பா திரும்பிக் கேட்டார். யாரோ தண்ணிக்குப் போகிற பிள்ளை என்றார் சித்தப்பா. அவர் சொல்லி வாய் மூடவில்லை, முன்கம்பியின் பல்லிடுக்கெல்லாம் ஆவி பீறிட்டுக்கொண்டு வந்தது. முன் கண்ணாடி மறைந்துவிட்டது. கார் இரண்டு தடவை குலுங்கி ஓர் உடைமரத்தடியில் நின்றது.

முடிஞ்சுது என்றார் பெரியப்பா. ஒரே வார்த்தை. கதவைத் திறந்து இறங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். சித்தப்பா ஸ்டியரிங்கிலேயே உட்கார்ந்திருந்தார். தான் சொன்னபடியெல்லாம் நடித்துக்கொண்டிருந்த கார், நடிக்கக்கூடாத அன்றைக்குத் தானாகவே கொதித்துவிட்டதை அவரால் நம்ப முடியவில்லை.

அதற்குள் அந்த அக்கா குடத்தோடு வந்துவிட்டாள். மரத்தடியில் நின்ற பெரியப்பாவை அவள் கவனிக்கவில்லை. இவ்வளவு தூரம் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினால் தண்ணீரை யார் சுமப்பது என்று கோபமாக ஆரம்பித்தாள். சித்தப்பா இறங்கிப் பானட்டைத் தூக்கி, பதற்றத்தில் துணிகூட இல்லாமல் மூடியின் மேல் கையைக் கொண்டுபோனார். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"தொறக்காதிய. கை வெந்துரும். இன்னைக்கு நெசமாவே கொதிக்கி."

மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பெரியப்பா வந்தார். அவள் கையை விட்டாள். தாவணியைத் தோளில் இழுத்துப் போர்த்தினாள்.

"இன்னைக்கு நெசமாவேன்னா?" என்றார் பெரியப்பா. "அப்ப மத்த நாளு?"

எஞ்சின் மட்டும் உள்ளே குமுறிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து முன்கம்பிக்குள் பார்த்து, கையை விட்டு என் சாக்கை உருவி எடுத்தாள். காற்றிலும் ஃபேன் இழுப்பிலும் அது நகர்ந்து, ரேடியேட்டர் முழுவதையும் போர்வை மாதிரி மூடியிருந்திருக்கிறது. பெரியப்பா சாக்கைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். இத்தனை வாரமும் இதுதான் நடந்ததா என்கிற பார்வை. நல்ல சமயம் என்று நான் முன்னால் வந்தேன்.

"நாந்தான் பெரியப்பா கட்டுனேன். கடக்காத்து உள்ள போவாம இருக்க." என் கண்டுபிடிப்பை முழுதாகச் சொன்னேன். கயத்தாறு, ஓட்டப்பிடாரம், வலது பக்கம், இழுப்பு எல்லாம்.

அந்த அக்கா தாவணி முனையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. சித்தப்பா டயரைப் பார்த்தார். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் எஞ்சின் வெடிப்பு விட்டுவிடும், ஆற வேண்டும் என்று சித்தப்பா முணுமுணுத்தார். நடு ரோட்டில் எப்படி நிற்பது? கடைசியில் குடத்தைக் காருக்குள் ஏற்றிவிட்டு, சித்தப்பாவும் அவளும் நானும் தள்ள, பெரியப்பாவும் வெள்ளைச் சட்டையோடு தோள் கொடுக்க, கார் பின்னாலேயே உருண்டு போய் வழக்கமாக நிற்கிற வாசலில் நின்றது.

சைக்கிள் கடை பெஞ்சில் பெரியப்பா உட்கார்ந்தார். அவள் ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"வாரா வாரம் இந்தத் தண்ணியவா ஊத்துன?"

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். எங்கிருந்து எடுத்து வருகிறாய் என்று கேட்டார். கடல் பக்கமாகத் தெரிந்த மணல் மேட்டைக் காட்டினாள். அதற்கு அந்தப் பக்கம் ஊற்று. தோண்டி, ஊற ஊற அகப்பையில் மொண்டு, ஒரு குடம் நிறைவதற்குள் வெயில் ஏறிவிடும்.

"காருல ஒரு கோளாறும் இல்லன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்," என்றாள். சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். "அவியளுக்குத்தான் தண்ணி கேக்காமப் பேசத் தெரியல."

பெரியப்பா செம்பை அண்ணாந்து, அடியில் கிடந்த மிச்சத்தையும் குடித்தார். எந்தக் கோயில் என்று கேட்டார். மாதா கோயில் என்றாள். நாங்கள் புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள், அவர்கள் ஆர்.சி. கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் அதுவரை அந்தக் கோடு தாண்டிப் பெண் எடுத்ததும் இல்லை, கொடுத்ததும் இல்லை. பெரியப்பா எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்தப்பா அவர் முகத்தைப் பார்ப்பதும் கீழே பார்ப்பதுமாக நின்றார். அந்த அக்கா ஒரு டியூபை எடுத்துத் தொட்டியில் முக்கினாள். அதில் காற்றே இல்லை, வெறும் டியூப். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. நான் பொறுப்பானவன். ரேடியேட்டர் பக்கத்திலேயே நின்று, தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். முதலில் கை வைக்க முடியவில்லை, பிறகு வெதுவெதுப்பாயிற்று, பிறகு அதுவும் போயிற்று. சித்தப்பாவைக் கூப்பிட்டு மூடியைத் திறக்கச் சொன்னேன். சத்தமே இல்லாமல் திறந்தது. குடத்துத் தண்ணீர் முழுவதும் உள்ளே போயிற்று. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது, தட்டல் இல்லை, புகை இல்லை. நிறுத்திவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ச்சி.

ரோட்டில் வேறு ஒரு கருவாட்டு வியாபாரியின் வேன் எங்களைத் தாண்டி ஊர்ப் பக்கம் போனது. உள்ளிருந்து ஒருவர் கையை ஆட்டினார். ஏலம் ஆரம்பித்திருக்கும். ஒரு நிமிசம் பிந்தினால் வீட்டையே தலைகீழாக்குகிற பெரியப்பா பெஞ்சை விட்டு அசையவில்லை. நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஆறிட்டு பெரியப்பா. போவலாம்."

"இன்னும் ஆறல," என்றார்.

"கை வெச்சுப் பாருங்க. சில்லுன்னு இருக்கு."

"ஆறலங்கேன்லா. நீ சும்மா இருடே." பிறகு என்னைத் தாண்டி அந்த அக்காவைப் பார்த்தார். "உங்க அப்பா கரையில இருந்து எப்ப வருவாவ, பிள்ள?"

மத்தியானம் ஆகும் என்றாள்.

"அதுவரைக்கும் ஆறட்டும்," என்று சொல்லிவிட்டு, பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிப் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சித்தப்பா திடீரென்று பானட்டைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் ஏன் ஈரமாக இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை, ஆவி பட்டிருக்கும் என்று நினைத்தேன். எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. குளிர்ந்து கிடக்கிற எஞ்சினைத் தொட்டும் பார்க்காமல் மத்தியானம் வரைக்கும் ஆறட்டும் என்கிறாரே, கோயில் கமிட்டியில் இருந்து என்ன, ஊரெல்லாம் அண்ணாச்சி என்று கும்பிட்டு என்ன, இந்த மனுசருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இதை அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ரொம்ப வருசம் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.